பலாக்கொப்புச் சட்டம்

மூன்றாவது தீக்குச்சியும் அணைந்துபோனது.

"கச்சான் காத்துக்க ஆர் நெருப்புக் கொளுத்துவினம்? நான் அப்பவே சொன்னனான்" என்றார் இராஜநாயகம், பின்வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரையை விட்டு எழும்பாமலே.

"நீங்கள் கன கதை சொன்னனீங்கள். ஒரு கொப்புத்தானே, வெட்டுறன் எண்டும் நீங்கள்தான் சொன்னனீங்கள்" என்றாள் மாகிரட், நாலாவது குச்சியை உரசிக்கொண்டு.

அவள் சொன்னதில் பிழை இல்லை. குசினிக் கூரைமேல் சாய்ந்திருந்த பலாக்கொப்பு ஒன்றை வெட்டத்தான் இராஜநாயகம் சனிக்கிழமை மரத்தில் ஏறினார். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்து ஓய்வுபெற்ற மனிதர். வீட்டில் சும்மா இருந்தவருக்குக் கையில் கத்தி வந்ததும் உற்சாகமும் வந்துவிட்டது. ஒரு கொப்பு விழுந்தது. அதற்குப் பக்கத்தில் நின்றது தனியே நிற்க அழகில்லை என்று அதுவும் விழுந்தது. கீழே இறங்கியவர் கிளிசரியா உயிர்வேலியை ஒட்ட வெட்டினார். போகிற போக்கில் முருங்கையின் தலையையும் எடுத்தார். பின்னேரம் பார்த்தால் குசினி வாசலிலிருந்து கேற் வரைக்கும் ஒரு பச்சை மலை.

அந்த மலையால் மாகிரட்டின் இடியப்பத்துக்கே ஆபத்து வந்திருந்தது.

விடியமுன்னம் எழும்பி இடியப்பம் அவித்து, சொதியும் சம்பலும் வைத்து, துறைமுக வாசலடிச் சாப்பாட்டுக் கடைக்குக் கொடுப்பவள் அவள். அந்த வீட்டில் உலை வைப்பது அந்த இடியப்பத்தால்தான். போன கிழமை கடைக்காரர் சொல்லிவிட்டார்: "அக்கா, இனிமேல் சுகாதாரச் சான்றிதழ் இல்லாத வீட்டுச் சாப்பாடு நான் எடுக்க ஏலாது. பி.எச்.ஐ.யின்ர கையெழுத்தோட வாங்கோ. இல்லாட்டி வேற ஆளைப் பார்ப்பன்."

பி.எச்.ஐ. என்று ஊரார் சொல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பாக்கியரத்தினம் இன்று காலைதான் வந்து போனார். இடியப்ப உரலைப் பார்த்தார். தட்டுகளைப் பார்த்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். மாகிரட்டின் நகத்தைக்கூடப் பார்த்தார். ஒரு குற்றமும் அகப்படவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்ததுபோலத் தெரிந்தது. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர், கடைசியாக ஒருமுறை பின்கதவைத் திறந்தார். பேனா திரும்பவும் சட்டைப்பைக்குள் போனது.

"என்னம்மா இது? நுளம்பு, எலி, பாம்பு எல்லாத்துக்கும் வீடு கட்டிக் குடுத்திருக்கிறியள். வெள்ளிக்கிழமை வருவன். அதுக்கிடையில இது போயிருக்கோணும். தண்ணி தேங்கிற ஒரு சிரட்டைகூட வளவில கிடக்கக் கூடாது. கிடந்தால் கையெழுத்து இல்லை."

"வெள்ளிக்கிழமை என்னத்துக்கு? நாளைக்கே வாங்கோ" என்றாள் மாகிரட். ஒரு நெருப்புப் பெட்டியோடு முடிகிற வேலை என்பது அவளுடைய நினைப்பு.

மத்தியானம் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று ஒழுங்கைக்குள் வந்தது.

"நகர எல்லைக்குள் வீட்டுக் குப்பைகள், இலைகள், மரக்கொப்புகள் என்பவற்றை எரிப்பது முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளது. மீறுவோருக்கு எதிராக வழக்குத் தொடரப்படும்."

மாகிரட் மா பிசைந்த கையோடு ஓடிப்போய் ஓட்டோவை மறித்தாள்.

"எரிக்கக் கூடாது, சரி. அப்ப இதுகளை என்ன செய்யிறது?"

"அக்கா, நான் ஓட்டோ ஓட்டுறன். பேசுறது றெக்கோட்" என்றான் ஓட்டோக்காரன்.

"அப்ப அந்த றெக்கோட்டைக் கேட்டுச் சொல்லுங்கோவன்."

றெக்கோட் இன்னொரு முறை "வழக்குத் தொடரப்படும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஒழுங்கைக்குள் திரும்பியது.

கொஞ்ச நேரத்தில் குப்பை ட்ரக்டர் வந்தது. ட்ரக்டரோடு வரும் அருளம்பலம் மலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"கொப்பு ஏத்த ஏலாது தங்கச்சி. இது வீட்டுக் குப்பைக்கு. கொப்பு, மட்டை, குரும்பட்டி ஒண்டும் ஏத்தக் கூடாது எண்டு எங்களுக்குச் சட்டம்."

"எரிக்கவும் கூடாது. ஏத்தவும் கூடாது. அப்ப நானும் இந்த மனிசனும் இருந்து திண்டு முடிக்கிறதோ?"

"உங்கட குடும்பப் பிரச்சினையில நான் தலையிட மாட்டன்" என்று சொல்லி அருளம்பலம் ட்ரக்டரில் தொற்றிக்கொண்டார்.

அதனால்தான் இந்த நாலாவது குச்சி. அது பற்றியது.

பச்சைக் கொப்பு எரியுமா? புகைந்தது. வெள்ளை வெளேரென்று எழும்பிய புகை வேலியைத் தாண்டி, ஒழுங்கையைத் தாண்டி, துறைமுகப் பக்கமாகப் போனது.

"துறைமுக வாசலில கப்பல் ஏதும் நிண்டால் மூடுபனி எண்டு நினைச்சு ஹோர்ன் அடிப்பான்" என்றார் இராஜநாயகம் இருமிக்கொண்டே.

"அடிக்கட்டும். பக்கத்து வீட்டு ஆமினா உம்மா ஒவ்வொரு பின்னேரமும் நுளம்புக்கு எண்டு வேப்பிலை புகைக்கிறவ. அவவை ஆரும் கேட்டதோ?"

"அவ மகளின்ர வீட்டை, கிண்ணியாவுக்குப் போயிட்டா. நிண்டால் அவவையும் காட்டிக் குடுத்திருப்பாய்."

அப்போதுதான் மோட்டார்சைக்கிள் ஒன்று கிறீச்சென்று கேற்றடியில் நின்றது.

"நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ! என்னம்மா வேலை இது!"

தலையில் ஹெல்மெற். உடம்பில் கண்ணைக் கூசவைக்கும் மஞ்சள் ஜக்கெற், அதில் வெள்ளிக் கோடுகள். வந்த மனிதர் யாரையும் கேட்காமல் கேற்றைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். கிணற்றடியில் இருந்த வாளியைத் தூக்கினார். தண்ணீரை நெருப்பின்மேல் கவிழ்த்தார். புஸ்ஸென்று எல்லாம் அடங்கியது.

மாகிரட் நெருப்புப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மத்தியானம் தடை, பின்னேரம் ஆள். இவ்வளவு கெதியாக வேலை செய்கிற அரசாங்கக் கந்தோர் ஒன்று இந்த நாட்டில் இருக்கிறதா?

"இப்பிடிப் பச்சைப் பலாவைக் கொண்டுபோய் எரிக்க உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?" என்றார் அவர். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. அது புகையாலா, கடமை உணர்ச்சியாலா என்று மாகிரட்டுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமைக்குப் பிறகு இராஜநாயகம் கதிரையை விட்டு எழும்பியது அப்போதுதான்.

"ஐயா, தெரியாமச் செய்திட்டம். வழக்கு ஒண்டும் வேண்டாம்."

"வழக்கோ? எரிக்காமல் விட்டால் சரி." அவர் குனிந்து ஒரு கொப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இலையைத் தடவினார். பிறகு போனை எடுத்துக் குவியலைப் படம் பிடித்தார். மரத்தையும் படம் பிடித்தார்.

சாட்சிக்கு என்று மாகிரட் விளங்கிக்கொண்டாள்.

"இதுகளை நான் எடுக்கிறன். புதன்கிழமை விடிய வாறன்" என்றார் அவர்.

மாகிரட்டுக்கு மூச்சு வந்தது. "நாங்கள் என்ன செய்து வைக்கோணும், சேர்?"

'சேர்' என்றதும் அவர் ஒருமுறை தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"கட்டி வைச்சால் லேசு" என்றார்.

"எல்லாத்தையும் ஒண்டாவோ?"

"பலா வேற, கிளிசரியா வேற, முருங்கை வேற எண்டு இருந்தால் நல்லம்."

நல்லமாம். கந்தோர் ஆள் ஒருவர் 'நல்லம்' என்று சொன்னால் அது கட்டளை என்பது மாகிரட்டுக்குத் தெரியாதா?

"பொலித்தீன் மட்டும் ஒரு துண்டும் கலந்திடக் கூடாது அம்மா. போன வருசம் ரெண்டு திண்டு செத்துப்போச்சு."

மான்களைச் சொல்கிறார் என்று அவளுக்கு உடனே விளங்கியது. திருகோணமலை ரவுணுக்குள் மான்கள் மாடுகளைப்போலத் திரிவதும், குப்பையில் கிடக்கும் பொலித்தீனைத் தின்றுவிட்டுச் சாவதும் எல்லோருக்கும் தெரிந்த விசயம்தான்.

"பாவம்" என்றாள் மரியாதைக்கு.

"பாவம்தான். எனக்குச் சோறு இறங்கேல்ல" என்று சொல்லி அவர் ஹெல்மெற் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போனார்.

இப்படி மனச்சாட்சி உள்ள அதிகாரியை மாகிரட் கண்டதேயில்லை. அதனால் அவளுக்கு இன்னும் கூடுதலாகப் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் தரம் பிரிப்பு நடந்தது. பலா ஒரு பக்கம், கிளிசரியா ஒரு பக்கம், முருங்கை ஒரு பக்கம். தும்புக் கயிற்றால் கட்டுக் கட்டாகக் கட்டினார்கள். பொலித்தீன் இருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டையும் உதறிப் பார்த்தார்கள்.

"எரிக்கிறதைத் தடை செய்தது சரி. ஏன் குப்பையை இப்பிடிக் கலியாணச் சீர் மாதிரிக் கேக்கிறாங்கள்?" என்றார் இராஜநாயகம்.

"என்னைக் கேக்காதையுங்கோ. கத்தியோட மரத்தில ஏறினது நானோ?"

"நான் சும்மா கேட்டன்."

"சும்மா இருந்தனீங்கள் எண்டால் இண்டைக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது."

தலைமுடியில் கிளிசரியா இலையோடு மாகிரட் அன்று பின்னேரமே கட்டுகளைக் கேற்றுக்கு வெளியே அடுக்கினாள். பலாவை முன்னுக்கு வைத்தாள். பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று.

புதன்கிழமை விடிய, முதல் ஈட்டு இடியப்பத்தை இறக்கிவிட்டு வெளியே எட்டிப் பார்த்தவள் "மாதாவே!" என்று கத்தினாள்.

கேற்றடியில் மான் கூட்டம். அவசரமில்லாமல், சண்டை பிடிக்காமல், பந்தியில் இருப்பதுபோல நின்று பலா இலையைத் தின்றுகொண்டிருந்தன. மாகிரட் அகப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கொம்பு வைத்த பெரிய மான் ஒன்று வாயில் இலையோடு அவளை மேலும் கீழும் பார்த்தது. பாக்கியரத்தினம் பார்த்த அதே பார்வை. பிறகு மெல்ல நடந்தது. பலாக்கட்டு இருந்த இடத்தில் கயிறும் தண்டும்தான் மிஞ்சின.

மஞ்சள் ஜக்கெற் ஒரு சின்ன லொறியோடு வந்தார். இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி: "பலா எங்க?"

"மான் திண்டிட்டுது, சேர்."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "மானுக்கோ குடுத்தனீங்கள்!"

மாகிரட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிகாரியாவது மண்ணாவது.

"நான் குடுக்கேல்ல சேர். மான் என்ன, கேற்றில தட்டி, அம்மா எடுக்கட்டோ எண்டு கேட்டு எடுக்கிற ஆளோ? விடிய விடிய நான் காவல் நிக்கேலுமோ? எனக்கு இடியப்பம் அவிக்கிற வேலை இருக்கு!"

"சரி சரி. இனி வெளியில வைக்காதையுங்கோ. உள்ளுக்க வையுங்கோ." கிளிசரியாவையும் முருங்கையையும் ஏற்றிவிட்டு அவர் பலாமரத்தை ஏக்கத்தோடு அண்ணாந்து பார்த்தார். "அந்தப் பக்கத்துக் கொப்பு ரெண்டும் சும்மா நிக்குது. வெட்டினால் நல்லம்."

நல்லமாம்! மாகிரட் வாயைத் திறக்கமுதல் இராஜநாயகம் கத்தியோடு வந்துவிட்டார்.

"எப்ப சேர் எடுப்பியள்?" என்று கேட்டாள். "வெள்ளிக்கிழமை எனக்குச் சுகாதாரத்தில இருந்து ஆள் வரும். அதுக்கிடையில வளவு துப்புரவா இருக்கோணும். என்ர சீவியமே அதிலதான் இருக்கு."

"வெள்ளிக்கிழமை காலமை கட்டாயம் வருவன். ஆனால் அதுவரைக்கும் வாடாமல் பாத்துக்கொள்ளுங்கோ. இந்தக் கச்சான் காத்துக்கு ஒரு நாளில சருகாப் போயிடும். வாடினால் எடுத்தும் வேலையில்லை."

"வாடாமல் எப்பிடி சேர் வைக்கிறது?"

"அடியைத் தண்ணிக்குள்ள வைச்சால் நிக்கும்."

லொறி போன பிறகும் மாகிரட் அதே இடத்தில் நின்றாள்.

"குப்பை வாடக் கூடாதாம். கேட்டனீங்களோ? மரக்கறிக் கடைக்காரனுக்குக்கூட இந்தச் சட்டம் இல்லை. சந்தையில வாடின கீரையை எங்கட தலையில கட்டுறாங்கள், அதைக் கேக்க ஒரு கந்தோர் இல்லை. நான் எறியிற குப்பை மட்டும் பச்சைப் பசேலெண்டு இருக்கோணுமாம்!"

மரத்தின் மேலிருந்து இராஜநாயகம் சொன்னார்: "எதுக்கும் ஒருக்கா நகரசபைக்குப் போன் பண்ணிக் கேள்."

கேட்டாள். நகரசபையில் போனை எடுத்தவர் யாரோ, அவள் சொன்னதை முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

"கொப்பைத் தரம் பிரிச்சு, வாடாமல் தண்ணியில வைக்கோணும் எண்டு சட்டம் வந்திருக்கோ?" என்று முடித்தாள் மாகிரட்.

அந்தப் பக்கம் கடதாசிகளைப் புரட்டும் சத்தம் கேட்டது. தெரியாது என்று சொல்வதற்கு அந்தக் குரலுக்கு மனம் வரவில்லை.

"அது... புதுசா வந்திருக்கும் அம்மா. எங்களுக்கு இன்னும் மேலிடத்தில இருந்து கடிதம் வரேல்ல. எதுக்கும் சொன்ன மாதிரியே செய்யுங்கோ."

பிறகு அவளுக்கு என்ன சந்தேகம்? வீட்டில் இருந்த வாளிகள், பெயின்ற் ரின்கள், பெருநாளுக்குச் சமைக்கிற கிடாரம், பிள்ளைகளைக் குளிக்க வார்த்த பழைய தொட்டி என்று எல்லாவற்றையும் வளவில் பரப்பினாள். கிணற்றிலிருந்து அள்ளி அள்ளி ஊற்றினாள். ஒவ்வொன்றிலும் பலாக்கட்டுகளை நிறுத்தினாள். கேற்றிலிருந்து குசினி வரைக்கும் இரண்டு பக்கமும் பச்சைப் பசேலென்று வரிசை.

"மாதா கோயில் திருநாளுக்குச் சோடிச்ச மாதிரி இருக்கு" என்றார் இராஜநாயகம், கதிரைக்குத் திரும்பி.

"வாயை மூடிக்கொண்டிருங்கோ. இல்லாட்டி உங்களையும் ஒரு வாளிக்குள்ள நிறுத்திப்போடுவன்."

வெள்ளிக்கிழமை காலையில் மாகிரட் கேற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் லொறி வரவேண்டும். பிறகு பி.எச்.ஐ. வரவேண்டும். இந்த ஒழுங்கில் நடந்தால் எல்லாம் சரி.

முதலில் பி.எச்.ஐ. வந்தார்.

பாக்கியரத்தினம் கேற்றைத் திறந்தவர் அப்படியே நின்றார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். பையிலிருந்து ரோர்ச் லைற்றை எடுத்து ஒவ்வொரு வாளிக்குள்ளும் அடித்துப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் குளியல் தொட்டியடியில் நிமிர்ந்தபோது அவருடைய முகம் சிவந்திருந்தது.

"ஒரு சிரட்டைத் தண்ணிகூட வேண்டாம் எண்டு சொல்லிட்டுப் போனனான். வளவு முழுக்கக் குளம் கட்டி வைச்சிருக்கிறியள்! இது என்ன, நுளம்புப் பண்ணையோ?"

"ஐயா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ..."

"ஒண்டும் கேக்கத் தேவையில்லை. கையெழுத்து இல்லை. அதோட டெங்குச் சட்டத்தில வழக்கும் இருக்கு."

சான்றிதழ் போச்சு. கடை போச்சு. அது வரைக்கும் 'சேர்', 'ஐயா' என்று குழைந்துகொண்டிருந்த மாகிரட் இடுப்பில் கையை வைத்தாள்.

"நில்லுங்கோ. வழக்குப் போடமுன்னம் இதையும் கேட்டிட்டுப் போங்கோ. எரிக்கப் போனால் ஒரு கந்தோர் வந்து தண்ணி ஊத்தி அணைக்குது. ட்ரக்டரில ஏத்தக் கேட்டால் இன்னொருத்தர் ஏலாது எண்டுறார். வெளியில வைச்சால் மான் திண்டதுக்கும் நான்தான் பதில் சொல்லோணும். வாடக் கூடாது, தண்ணி வை எண்டு ஒரு கந்தோர். தண்ணி வைக்கக் கூடாது எண்டு நீங்கள். எல்லாரும் ஒரே அரசாங்கத்தின்ர சம்பளக்காரர்தானே? ஒருநாள் ஒரு மேசையில இருந்து கதைக்க மாட்டியளோ? நான் படிக்காதவள், இடியப்பம் அவிக்கிறனான். நான் பிழிஞ்சால் எல்லாம் ஒரே தட்டில ஒரே வட்டமா விழும். நீங்கள் இவ்வளவு படிச்சவங்கள் பிழியிற சட்டம் மட்டும் ஏன் இப்பிடிச் சிக்குப்பட்டுக் கிடக்கு?"

கதிரையிலிருந்து இராஜநாயகம் "அப்பிடிக் கேள்" என்றார், மெதுவாக.

பாக்கியரத்தினம் ஓரடி பின்னுக்குப் போனார். "ஆரம்மா உங்களுக்குத் தண்ணி வைக்கச் சொன்னது? எந்தக் கந்தோர்?"

"அந்தா வாறார். அவரையே கேளுங்கோ!"

சின்ன லொறி கேற்றடியில் நின்றது. மஞ்சள் ஜக்கெற் இறங்கினார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் குதித்தார்கள்.

பாக்கியரத்தினம் அந்த ஜக்கெற்றைப் பார்த்தார். வெள்ளிக் கோடுகளைப் பார்த்தார். லொறியையும் ஆட்களையும் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு ஒரு தொப்பிகூடக் கொடுக்கப்பட்டதில்லை. தன் பழைய மோட்டார்சைக்கிளில் தனியே திரிகிறவர். அவருடைய முதுகு தானாக நேரானது.

வந்தவர் யாரையும் கவனிக்கவில்லை. நேரே பலாக்கட்டுகளிடம் போனார். ஒரு இலையைக் கிள்ளி மணந்தார். அடுத்த வாளி, அதற்கடுத்த வாளி என்று தடவிக்கொண்டே போனவரின் முகம் மலர்ந்தது.

"மாஷா அல்லாஹ்! ஒரு இலை வாடேல்ல. இந்த ரவுணுக்க எத்தினை வீட்டுக்குப் போறன். எரிக்கிறாங்கள், இல்லாட்டிப் பொலித்தீனோட சேர்த்து ரோட்டில எறியிறாங்கள். இந்த அம்மா மாதிரிப் பிரிச்சு, கட்டி, பச்சையாய் வைச்சிருக்கிற ஒரு வீட்டை நான் காணேல்ல."

பாக்கியரத்தினம் தொண்டையைச் செருமினார். "சேர்... மாகாணத்தில இருந்தோ?"

"இல்ல. கிண்ணியாவில இருந்து."

அங்கே புதிதாக ஏதோ திட்டக் கந்தோர் திறந்திருக்கிறார்கள், வழக்கம்போலத் தனக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை என்று பாக்கியரத்தினம் மனதுக்குள் குமுறினார். வெளியே சிரித்தார்.

"உங்களிட்ட இப்ப எத்தினை, சேர்?"

"இப்ப ஒரு நாப்பது வரும். வாற மாசத்தோட பாதி போயிடும்."

"எங்களுக்கும் இதே பிரச்சினைதான் சேர். ஆளணியைக் குறைச்சுக்கொண்டே வாறாங்கள்."

மற்றவர் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் இரக்கத்தோடு "அப்பிடியோ, பாவம்" என்றார்.

"இந்தத் தண்ணி விசயம், சேர்..."

"அது நான்தான் வைக்கச் சொன்னனான். இனித் தேவையில்லை, ஊத்திடலாம்." அவர் கையைக் காட்டியதும் கூட வந்த இருவரும் கட்டுகளைத் தூக்கி லொறியில் அடுக்கினார்கள். வாளி வாளியாகத் தண்ணீரை மாமரத்தடியில் கவிழ்த்தார்கள். இராஜநாயகம்கூடத் தும்புத்தடியை எடுத்துக் கூட்டத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் வளவு துடைத்து வைத்ததுபோல இருந்தது.

பாக்கியரத்தினம் வளவைப் பார்த்தார். ஜக்கெற்றைப் பார்த்தார். பேனா வெளியே வந்தது.

"சேரே திருப்தி எண்டு சொல்லேக்க நான் ஆர், குறை சொல்ல?" என்று சான்றிதழில் கையெழுத்தை இழுத்து விட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சேர், இந்த ஜக்கெற் எங்க குடுக்கினம்?"

"இதோ? சந்தையடியில போட்டு விக்கிறான்."

மேலதிகாரி ஒருவரின் பகிடிக்கு எவ்வளவு சத்தமாகச் சிரிக்க வேண்டுமோ அவ்வளவு சத்தமாகப் பாக்கியரத்தினம் சிரித்தார். சிரித்துக்கொண்டே மோட்டார்சைக்கிளில் ஏறிப் போனார்.

லொறியும் புறப்பட்டது. அதே நேரம் ஒழுங்கைக்குள் ஓட்டோ ஒன்று வந்து பக்கத்து வீட்டு வாசலில் நின்றது. கிண்ணியாவிலிருந்து ஆமினா உம்மா பைகளோடு இறங்கினார். லொறிக்காரர் அவருக்குக் கை காட்டிவிட்டுப் போனார்.

மாகிரட்டுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சான்றிதழைக் கொடிபோலப் பிடித்துக்கொண்டு வேலிக்கு ஓடினாள்.

"உம்மா, இந்தக் கையெழுத்தைப் பாருங்கோ! இவ்வளவு நாளும் நான் கந்தோர்காரரைத் திட்டினது பிழை. நல்ல ஆக்களும் இருக்கினம். அந்தா லொறியில போறாரே அந்தச் சேர், அவர் மட்டும் இல்லாட்டி இண்டைக்கு என்ர இடியப்பம் முடிஞ்சுது. அவருக்கு எந்தக் கந்தோர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

ஆமினா உம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, ஒழுங்கை முனையில் திரும்பும் லொறியையும் மாகிரட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கந்தோரா? அது எங்கட முஹம்மது தம்பி, புள்ள! ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பான் ஆடு வளக்கிறவரு. ரவுணுக்க ஆரோ ஒரு மனிசி அவர்ட ஆட்டுக்குக் குழையை வகை வகையாப் பிரிச்சு மாலை மாதிரிக் கட்டிக் குடுக்குறா எண்டு ரெண்டு நாளா கிண்ணியா முழுக்க இதுதான் கதை!"